மின் பாதுகாப்பு விதியில் மாற்றம் வேண்டுமா? முன்மொழியும் வழி இதுதான்

அமெரிக்காவில் பல வீட்டுச் சமையலறைகளின் நடுவில் ஒரு தனி மேடை இருக்கும், ஐலண்ட் என்பார்கள். அதற்கு ஒரு பிளக் பாயின்ட் கட்டாயம் என்று அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு (என்.இ.சி.) நெடுங்காலம் சொல்லிவந்தது. நடு மேடைக்குப் பின்சுவர் கிடையாது. அதனால் பாயின்டைப் பெரும்பாலும் மேடையின் பக்கவாட்டில், பலகைக்குக் கீழே வைத்தார்கள். மேலே கொதிக்கும் மின்பாத்திரம் இருக்கும், அதன் வயர் ஓரமாகக் கீழே தொங்கும், தவழும் குழந்தை அதைப் பிடித்து இழுக்கும். 1991 முதல் 2020 வரை இப்படி வயரை இழுத்தோ அதில் மோதியோ தீக்காயமும் பிற காயங்களும் பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் சுமார் 9,700 பேர் என்பது அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிலிருந்து எடுத்த மதிப்பீடு. அவர்களில் பலர் குழந்தைகள். அந்தத் தரவோடு வந்த முன்மொழிவுகளால் 2023 பதிப்பில் விதி மாறியது. இப்போது அந்தப் பாயின்ட் கட்டாயமில்லை. வைப்பதென்றால் மேடையின் மேலோ அதற்கு உயரத்திலோதான் வைக்க வேண்டும், பலகைக்குக் கீழே கூடாது. வைக்காவிட்டால் பிற்காலத்தில் சேர்க்க வழி விட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்புக்காக எழுதிய விதியே ஆபத்தை உண்டாக்கியது, ஆதாரத்தைக் காட்டியதும் திருந்தியது. இப்படிப்பட்ட ஆதாரம் பெரும்பாலும் களத்தில் வேலை பார்ப்பவர்களிடமும் வீட்டில் வசிப்பவர்களிடமும்தான் இருக்கிறது. அவர்களில் நிறையப் பேருக்குத் தாங்களும் முன்மொழியலாம் என்பதே தெரியாது. உலகத்தில் எங்கிருந்தும், யார் வேண்டுமானாலும், கட்டணமோ உறுப்பினர் அட்டையோ இல்லாமல் என்.இ.சி.யில் மாற்றம் கேட்கலாம். பட்டம் தேவையில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் தேவையில்லை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி என்.இ.சி. பற்றியது, ஏனென்றால் பொதுமக்களுக்கு மிக அகலமாகத் திறந்திருக்கும் கதவு அதுதான். இந்தியாவில் உள்ள வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பிரச்சினை யார் கையில் இருக்கிறது?

புதிதாக வருபவர்கள் பலருடைய உழைப்பு இந்த இடத்திலேயே வீணாகிவிடுகிறது. தவறான கதவைத் தட்டினால் எவ்வளவு நல்ல யோசனையும் திரும்பி வந்துவிடும்.

என்.இ.சி.யை வெளியிடுவது தேசிய தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) என்ற தனியார் அமைப்பு. அரசுத் துறை அல்ல. விதித்தொகுப்பு முதலில் 1897-இல் வந்தது, 1911 முதல் இச்சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. அது தானாகச் சட்டம் ஆகிவிடாது. ஒரு மாநிலமோ நகரமோ அதை ஏற்று அறிவித்த பிறகுதான் அந்த ஊரில் சட்டம். ஏற்கும்போது சில பகுதிகளை நீக்குவார்கள், சிலவற்றைக் கூட்டுவார்கள். சிகாகோ நகரம் தனக்கென்று நிறையத் திருத்தங்களோடு ஒரு மின் விதித்தொகுப்பையே வைத்திருக்கிறது. உங்களைத் தொல்லை செய்வது அப்படிப்பட்ட உள்ளூர்த் திருத்தம் என்றால் என்.எஃப்.பி.ஏ.வால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாநிலத்தின் அல்லது நகரத்தின் விதி வாரியம் பொதுக் கருத்து கேட்கும் நேரத்தில் அங்கேதான் எழுத வேண்டும்.

இன்னொரு பிரிவும் உண்டு. பொருளே கோளாறாகச் செய்யப்பட்டிருந்தால், உதாரணமாக ஒரு வகை பிரேக்கர் காரணமில்லாமல் டிரிப் ஆகிறது என்றால், அது வயரிங் விதியின் வேலை அல்ல, பொருள் தரத்தின் வேலை. ஜி.எஃப்.சி.ஐ. எனப்படும் மின்கசிவுத் தடுப்புக் கருவிக்கு, யு.எல். என்ற பொருள் பாதுகாப்புத் தர அமைப்பின் யு.எல். 943 என்ற தரம் இருக்கிறது. அங்கும் மாற்றம் முன்மொழிய வழி உண்டு. கருவியை எங்கே பொருத்துவது, எப்படி இணைப்பது என்பது என்.இ.சி. கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பொருள் தரம். இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.

நேரம் தவறினால் மூன்று ஆண்டு போச்சு

என்.இ.சி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2020, 2023, 2026 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன, அடுத்தது 2029. ஒவ்வொரு சுற்றிலும் பொதுமக்களுக்கு இரண்டு வாசல்கள். முதலாவது பப்ளிக் இன்புட், அதாவது புதிய யோசனையை வைக்கும் கட்டம். அடுத்தது பப்ளிக் கமென்ட், முதல் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் கட்டம்.

முதல் வாசல் எவ்வளவு சீக்கிரம் மூடிவிடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 2026 பதிப்புக்கான பப்ளிக் இன்புட் 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அப்போது 2023 பதிப்பையே பல மாநிலங்கள் ஏற்றிருக்கவில்லை. ஆகவே புதுப் பதிப்பு கைக்கு வந்ததுமே அடுத்த சுற்றின் தேதியைப் பாருங்கள். என்.எஃப்.பி.ஏ. தளத்தில் 70 என்ற எண்ணுள்ள ஆவணத்தின் பக்கத்துக்குப் போய் அடுத்த பதிப்பு என்ற பகுதியைத் திறந்தால் எல்லாத் தேதிகளும் இருக்கும். (என்.இ.சி.யின் அதிகாரபூர்வ எண் என்.எஃப்.பி.ஏ. 70.) கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள்.

எழுதுவதற்கு முன் படிக்க வேண்டியவை

விதித்தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் தளத்திலேயே படிக்கலாம். இறக்கிக்கொள்ளவும் அச்செடுக்கவும் முடியாது, அவ்வளவுதான். கட்டாயம் மிகப் புதிய பதிப்பையே படியுங்கள். பத்தாண்டு பழைய புத்தகத்தை வைத்து எழுதினால் நீங்கள் கேட்பது ஏற்கெனவே வந்திருக்கலாம், அல்லது அந்தப் பிரிவே இடம் மாறியிருக்கலாம். காலங்காலமாக 220-ஆம் பிரிவில் இருந்த லோடு கணக்கீடு 2026 பதிப்பில் 120-க்குப் போய்விட்டது.

அடுத்து, முந்தைய சுற்றுகளின் முதல் வரைவு, இரண்டாம் வரைவு அறிக்கைகளைப் படியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு முன்மொழிவும், அதற்குக் குழு சொன்ன பதிலும், யார் எதிர்த்து வாக்களித்தார் என்ன காரணம் சொன்னார் என்பதும் அதில் அப்படியே இருக்கும். உங்கள் யோசனையை முன்பே ஒருவர் கேட்டு, ‘தொழில்நுட்பக் காரணம் போதவில்லை’ என்ற பதில் வந்திருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. குழுவுக்கு என்ன தேவை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறையை நிரப்பிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

யார் படிக்கப் போகிறார்கள் என்பதும் அப்போது தெரியும். என்.இ.சி.க்கு 18 விதி எழுதும் குழுக்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு மேல் குழுவும் உண்டு. வீட்டு பிளக் பாயின்டுகள், கிளைச் சுற்றுகள் இரண்டாம் குழுவிடம் இருக்கின்றன. எர்த்திங் ஐந்தாம் குழுவிடம், சோலார் நான்காம் குழுவிடம், நீச்சல் குளம் பதினேழாம் குழுவிடம். உற்பத்தியாளர், ஒப்பந்தக்காரர், தொழிற்சங்கம், ஆய்வாளர், காப்பீடு, நுகர்வோர் என்று பல தரப்பினர் குழுவில் இருப்பார்கள். எந்த ஒரு தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஒரு தரப்பை மட்டும் மகிழ்விக்கும் முன்மொழிவு தேறுவது கடினம்.

விதி வாசகத்தை எழுதுதல்

‘இந்தப் பிரிவை இன்னும் பாதுகாப்பாக மாற்றுங்கள்’ என்று கோரிக்கை வைத்தால் போதாது. எந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். கடினமாகத் தோன்றும், ஆனால் நல்ல பயிற்சி இதுதான். எழுத உட்காரும்போதுதான் நம் யோசனையில் உள்ள ஓட்டைகள் நமக்கே தெரியவரும்.

நல்ல விதி வாசகம் எப்படி இருக்கும்? சிங்க்குக்குப் பக்கத்தில் உள்ள பாயின்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும் என்ற விதியைப் பாருங்கள். ‘பக்கத்தில்’ என்று அதில் எழுதவில்லை. சிங்க் தொட்டியின் மேல் உள்விளிம்பிலிருந்து 1.8 மீட்டருக்குள், அதாவது 6 அடிக்குள் என்று எழுதியிருக்கிறார்கள். அதோடும் விடவில்லை. அந்தத் தூரத்தை எப்படி அளப்பது என்றும் சொல்கிறார்கள்: பாயின்டில் செருகிய கருவியின் வயர், சுவரையோ தரையையோ கூரையையோ நிலையான தடுப்பையோ துளைக்காமல் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. இரண்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு டேப்பை எடுத்துப் போய் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். அந்தத் தெளிவுதான் உங்கள் வாசகத்திலும் வேண்டும்.

போதுமான, தகுந்த, முறையான, நியாயமான, எளிதாக என்ற மாதிரிச் சொற்களைத் தவிருங்கள். அமல்படுத்த முடியாத மங்கலான சொற்கள் என்று என்.இ.சி. நடைக் கையேட்டிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தக் கையேடு இலவசம், ஒரு மாலையில் படித்துவிடலாம். அதில் இன்னும் சில விஷயங்கள் உண்டு: வரையறைக்குள் கட்டளையைப் புகுத்தக்கூடாது. தகவல் குறிப்புகளுக்குச் சட்ட வலு கிடையாது, அங்கே கட்டளை எழுதிப் பயனில்லை. அளவுகளில் மெட்ரிக் முதலில், அடி அங்குலம் அடைப்புக்குறிக்குள்.

ஒரு முன்மொழிவில் ஒரே ஒரு மாற்றம் வையுங்கள். மூன்று யோசனைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பினால், ஒன்றின் மேல் வரும் சந்தேகம் மற்ற இரண்டையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும். தனித்தனியாக அனுப்பி, ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று குறிப்பிடப் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

காரண விளக்கம்: உயிர் இங்கேதான் இருக்கிறது

படிவத்தில் பிரச்சினையும் அதற்கான ஆதாரமும் எழுதும் பகுதி ஒன்று உண்டு. உங்கள் வாசகம் சுமாராக இருந்தாலும் குழு அதைச் செதுக்கிக்கொள்ளும். காரணம் சுமாராக இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குழு நூற்றுக்கணக்கான முன்மொழிவுகளுக்கு நடுவில் உங்களுடையதைச் சில நிமிடங்களே பார்க்கும். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கப் போவதில்லை. எழுத்தில் இருப்பதுதான் உங்கள் வாதம்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ஆபத்து எச்சரிக்கை லேபிள்களைப் பற்றி 110.21 பிரிவில் ஒரு வரி பல பதிப்புகளாக இருந்துவருகிறது: லேபிள், அது இருக்கும் சூழலைத் தாங்கும் அளவுக்குப் போதுமான நீடிப்புத் தன்மை உடையதாக இருக்க வேண்டும். வெளியில் சோலார் சுவிட்சுகளைப் பராமரிக்கும் ஒரு எலக்ட்ரீஷியன், வெயில் படும் லேபிள்கள் எழுத்தே தெரியாமல் வெளுத்துப் போவதைத் தொடர்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் இப்படி எழுதக்கூடும்:

‘லேபிள்கள் சீக்கிரம் வெளுத்துவிடுகின்றன. இது மிகவும் ஆபத்தானது. நான் நீண்ட காலமாக இத்தொழிலில் இருக்கிறேன். தயவுசெய்து விதியைக் கடுமையாக்குங்கள்.’

இதில் உண்மை இருக்கிறது, ஆதாரம் இல்லை. அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார், பார்த்ததைச் சொல்லவில்லை. எத்தனை லேபிள், எவ்வளவு காலத்தில், எந்த வகை, என்ன ஆபத்து, இப்போதுள்ள வரி ஏன் தடுக்கவில்லை என்று எதுவும் இல்லை. குழு இதை மரியாதையாக மூடி வைத்துவிடும்.

அதே மனிதர் இப்படி எழுதலாம்:

‘இப்போதைய வாசகத்தில் உள்ள போதுமான என்ற சொல்லுக்கு அளவுகோல் இல்லை. ஆய்வாளர் லேபிளைப் பொருத்திய புதிதில் பார்க்கிறார், அப்போது எல்லா லேபிளும் தெளிவாகவே இருக்கும். ஒப்புதல் கிடைத்துவிடும். இணைத்துள்ள படங்களில் உள்ளவை நேரடி வெயில் படும் சுவிட்சுகளில் ஒட்டியவை. ஒவ்வொரு படத்தின் கீழும் பொருத்திய தேதி, படம் எடுத்த தேதி, லேபிளின் வகை தரப்பட்டுள்ளது. அணைத்த பிறகும் இரு முனையிலும் மின்சாரம் இருக்கலாம் என்ற எச்சரிக்கை இவற்றில் படிக்க முடியவில்லை. பராமரிப்பவரோ தீயணைப்பு வீரரோ சுவிட்சை அணைத்ததும் இரு பக்கமும் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைக்கக்கூடும். வெளியில் பொருத்தும் லேபிள்கள், லேபிள்களுக்கான யு.எல். 969 தரத்தின்படி வெளிப்புறப் பயன்பாட்டுக்குச் சோதித்தவையாக இருக்க வேண்டும் என்று சேர்த்தால் ஆய்வாளருக்குப் பொருத்தும் நாளிலேயே சரிபார்க்க ஒரு குறி கிடைக்கும். அத்தகைய லேபிள்கள் சந்தையில் உள்ளன. உட்புற லேபிள்களுக்கு இம்மாற்றம் பொருந்தாது.’

இரண்டாவதில் கோபமே இல்லை, ஆனால் வலு இருக்கிறது. என்ன கெடுகிறது, அதனால் யாருக்கு என்ன நேரும், இப்போதுள்ள விதி ஏன் பிடிக்கவில்லை, புதிய வாசகம் எப்படிப் பிடிக்கும், செய்யக்கூடியதா, எதைத் தொடவில்லை என்று எல்லாம் வந்துவிட்டன. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். குழுவில் உள்ள உற்பத்தியாளரும் ஒப்பந்தக்காரரும் முதலில் கேட்கப் போவது ‘எல்லாவற்றுக்கும் செலவு ஏறுமா?’ என்பதுதான். கேட்கும் முன்பே பதில் இருக்கிறது.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? உங்கள் சொந்தப் படங்கள், அளவீடுகள், பழுது நீக்கிய குறிப்புகள் முதலில். அப்புறம் பொதுத் தரவு. ஐலண்ட் மேடை விஷயத்தில் பயன்பட்டது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மருத்துவமனைக் காயத் தரவு. நாட்டின் மாதிரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் பதிவாகும் காயங்களை அது தொகுக்கிறது. அந்தத் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது, வீட்டிலிருந்தே தேடலாம். வேலையிட விபத்துகளுக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் விசாரணைச் சுருக்கங்கள் இருக்கின்றன. செய்தித்தாள் துணுக்கு மட்டும் போதாது. விபத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று அதில் தெரியாது, நீங்கள் கேட்கும் விதி அந்த விபத்தைத் தடுத்திருக்குமா என்ற கேள்விக்கு விடை இருக்காது. அந்தக் கேள்விக்கு ‘ஆம், இப்படி’ என்று சொல்ல முடிந்தால் மட்டுமே ஒரு விபத்தை மேற்கோள் காட்டுங்கள்.

அனுப்புவது

இது சுலபம். என்.எஃப்.பி.ஏ. கணக்கில் நுழைந்து, என்.இ.சி. பக்கத்தின் அடுத்த பதிப்புப் பகுதியில் இருக்கும் பப்ளிக் இன்புட் இணைப்பை அழுத்தினால் டெர்ராவியூ என்ற அமைப்பு திறக்கும். விதியின் முழு வாசகமும் அதிலேயே இருக்கும். வேண்டிய பிரிவைத் தேர்ந்து, நேராக அதிலேயே திருத்த வேண்டியதுதான். நீக்கியது அடித்தும் சேர்த்தது அடிக்கோடிட்டும் தானாகக் காட்டும். காரணத்தை எழுதி, படங்களை இணைத்து, பதிப்புரிமையை ஒப்படைக்கும் உறுதிமொழியில் ஒப்பமிட்டு அனுப்புங்கள். மற்றவருடைய படத்தையோ கட்டுரையையோ அனுமதியின்றி இணைக்கக்கூடாது என்பது இதனால்தான். உங்கள் பெயர் அறிக்கையில் பொதுவில் வரும். அனுப்பும் முன் சேமித்து வைத்துத் திரும்பவும் திருத்தலாம். ஒருமுறை வேறொருவரிடம், முடிந்தால் இந்தத் தொழிலில் இல்லாதவரிடம், படிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அங்கே என்ன நடக்கிறது

குழு கூடி ஒவ்வொரு முன்மொழிவையும் எடுத்துப் பேசும். ஏற்றால் அது முதல் திருத்தமாக வரைவில் ஏறும், பெரும்பாலும் உங்கள் சொற்கள் மாறிய வடிவில். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் வரும். பதிலே இல்லாமல் எதையும் விட முடியாது. கூட்டத்தில் எடுத்த முடிவு பிறகு எழுத்து வாக்குக்குப் போகும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் பதிவு செய்துகொண்டு போகலாம், முன்கூட்டியே கேட்டால் பேசவும் வாய்ப்பு கிடைக்கலாம். போக முடிந்தவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது நல்லது.

நிராகரிப்பில் சில பதில்கள் அடிக்கடி வரும். ஏற்கெனவே வேறு பிரிவில் இருக்கிறது. பொருளோடு வரும் உற்பத்தியாளர் வழிமுறையே இதைக் கட்டாயமாக்குகிறது. இது வடிவமைப்பு விருப்பம், பாதுகாப்புத் தேவையல்ல. (என்.இ.சி. வடிவமைப்புக் கையேடு அல்ல என்று 90-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.) இவை உங்களைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் பதில்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பதில் வந்தால் அந்த வேறு பிரிவைப் படித்து, அது ஏன் உங்கள் சிக்கலைத் தொடவில்லை என்று காட்டத்தான் இரண்டாவது வாசல் இருக்கிறது.

அந்த இரண்டாவது வாசலில் ஒரு முக்கியமான கட்டுப்பாடு. பப்ளிக் கமென்ட் கட்டத்தில் முற்றிலும் புதிய யோசனையைக் கொண்டுவர முடியாது. பொதுப் பார்வைக்கு வராத புது விஷயம் என்றால் அடுத்த சுற்றுக்கு ஒத்திவைப்பார்கள். முதல் கட்டத்தில் நீங்கள் வைத்ததை ஒட்டியோ வரைவில் வந்ததை ஒட்டியோதான் பேச வேண்டும். வரைவில் வந்த ஒரு திருத்தம் நல்லது என்று நினைத்தால் அதையும் எழுதுங்கள். ஆதரித்து யாரும் எழுதாத நல்ல திருத்தம் எதிர்ப்புக் கமென்டுகளால் இரண்டாம் வரைவில் காணாமல் போய்விடலாம்.

இரண்டாம் வரைவுக்குப் பிறகும் உடன்பாடில்லை என்றால், தீர்மானம் கொண்டுவரப் போவதாக முன்னறிவிப்பு கொடுத்து, சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு எடுத்துப் போகலாம். முன்பு இன்புட்டோ கமென்டோ கொடுத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த உரிமை, ஆகவே முதல் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே வாக்களிக்க மட்டும் உறுப்பினராக இருக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு தரநிலை மன்றத்தில் மேல்முறையீடு. புதியவர்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

சுற்று முடியும்வரை காத்திருக்க முடியாத அவசரத்துக்குத் தற்காலிக இடைத் திருத்தம் என்ற வழி உண்டு. தொழில்நுட்பத் தகுதிக்கும் அவசரத்துக்கும் தனித்தனியாக நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். இதன் வரலாற்றில் ஒரு நிகழ்வைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டு வெளிப்புற இணைப்புகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும் என்று 2020 பதிப்பில் புதிதாக ஒரு விதி வந்தது. வெளியில் இருந்த ஏசி யூனிட்டைத் தொட்டு ஒரு சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தது அதற்குக் காரணமாக எடுத்துக்காட்டப்பட்டது. விதி களத்துக்கு வந்ததும், சில வகை ஏசிகளில் கசிவே இல்லாமல் பிரேக்கர் டிரிப் ஆகிறது என்று புகார்கள் குவிந்தன. கோடை வெயிலில் ஏசி நின்றால் அதுவும் உயிர் விஷயம்தான். இடைத் திருத்தம் மூலம் ஒரு வகை ஏசிக்கு 2023 தொடக்கம் வரை தள்ளிவைத்தார்கள். 2023 பதிப்பில் ஏசி வகைக் கருவிகளுக்கு 2026 செப்டம்பர் 1 வரை விலக்கு வந்தது. இரு பக்கமும் சொன்னது உண்மை. ஏசி தொழில்நுட்பர் ஒருவர் எந்த மாடல், எத்தனை முறை டிரிப், அப்போது அளந்த கசிவு எத்தனை மில்லி ஆம்பியர் என்று முதல் வரைவுக்கே கமென்ட் எழுதியிருந்தால் இந்த இழுபறியில் எவ்வளவோ குறைந்திருக்கும். நாம் ஆதரிக்கும் விதியாக இருந்தாலும், களத்தில் அது உண்டாக்கும் எதிர்விளைவைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இந்தியாவில் எப்படி?

இங்கே இரண்டு கதவுகள். வயரிங்குக்கான ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043, இந்தியாவின் தேசிய மின் விதித்தொகுப்பு ஆகியவை இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் (பி.ஐ.எஸ்.) மின்தொழில்நுட்பப் பிரிவில், ஈ.டி.டி. 20 என்ற குழுவிடம் இருக்கின்றன. இன்னொரு பக்கம், சட்ட வலுவுள்ள பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை 2003 மின்சாரச் சட்டத்தின்படி மத்திய மின்சார ஆணையம் (சி.இ.ஏ.) வெளியிடுகிறது. இப்போது நடப்பில் உள்ளவை 2023-இல் வந்தவை, 2010-இல் வந்தவற்றுக்குப் பதிலாக.

தரநிலைகளைப் பொறுத்தவரை, இந்தியத் தரங்களைப் பி.ஐ.எஸ். தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வரைவு தயாரானதும் கருத்துக் கேட்டுப் பரவலாக வெளியிடுவார்கள். அதில் கடைசித் தேதி இருக்கும், அதற்குள் எந்தப் பிரிவு, என்ன குறை, என்ன வாசகம் வேண்டும், ஏன் என்று கட்டங்கள் உள்ள படிவத்தில் அனுப்ப வேண்டும். மேலே சொன்ன காரண விளக்கம் எழுதும் முறை அப்படியே பொருந்தும். வரைவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நிறுவிய ஒவ்வொரு தரத்தையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலிக்க வேண்டும் என்பது விதி, அந்த நேரத்தை ஒட்டி எழுதினால் குழுவின் கையில் உங்கள் கடிதம் இருக்கும். தரங்களைத் திருத்தக் கோருவோர் பட்டியலில் நுகர்வோர் அமைப்புகளையும் தொழில் சங்கங்களையும் பி.ஐ.எஸ். விதிகள் சேர்த்திருக்கின்றன. எலக்ட்ரீஷியன் சங்கமோ நுகர்வோர் மன்றமோ உங்கள் ஊரில் இருந்தால் அதன் தாளில் அனுப்புவது நல்லது.

சி.இ.ஏ. ஒழுங்குமுறையைப் பொறுத்தவரை, இறுதி செய்யும் முன் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரைவு சி.இ.ஏ. தளத்தில் வரும். யாரும் கருத்து அனுப்பலாம், ஆனால் அவகாசம் குறைவு. அடிக்கடி தளத்தைப் பார்க்கும் ஒருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால் பெரிய உதவி. அமெரிக்க முறையில் உள்ளதுபோல ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியாக எழுத்துப் பதில் கிடைக்கும் என்று இங்கே எண்ணிவிட வேண்டாம். அதனால் அனுப்பியதன் நகலையும் தேதியையும் வைத்துக்கொண்டு, இறுதி வாசகம் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கருத்து சேரவில்லை என்றால் அதே கோப்பைத் திருத்தி அடுத்த வரைவுக்கு அனுப்பலாம்.

ஒரு சுற்று முழுக்கப் பின்தொடர்ந்தவர்களுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. என்.எஃப்.பி.ஏ. குழுக்களில் சேர இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கும் கட்டணமில்லை. நுகர்வோர் தரப்புக்கு வந்து உட்கார ஆள் கிடைப்பது எப்போதும் சிரமம், காரணம் அவர்களுக்குப் பயணச் செலவு கொடுக்க நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. விண்ணப்பத்தில் உங்கள் முன்மொழிவு எண்களையும் அவற்றுக்குக் குழு சொன்ன பதில்களையும் குறிப்பிடுங்கள். நிராகரிக்கப்பட்டவற்றையும் சேர்த்தே எழுதுங்கள், அந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை அவை காட்டும்.